கம்பீரமான: பொருள், பயன்பாடு, பிழைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபுரம் கம்பீரமாக நிற்கிறது, யானை கம்பீரமாக நடக்கிறது, கப்பல் கம்பீரமாக மிதக்கிறது, புது மாடல் கார் கம்பீரமாகச் சாலையில் இறங்குகிறது. ஒரே சொல்லை இத்தனைக்கும் போட்டுத் தேய்த்துவிட்டோம். அதன் எல்லை எதுவரை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொற்கள் எவை, எழுதும்போது எங்கே ஒற்று விழுகிறது, எங்கே விழாது என்பதெல்லாம் இங்கே கேள்வி பதிலாக.

‘கம்பீரமான’ என்றால் சரியாக என்ன பொருள்?

பார்ப்பவரையோ கேட்பவரையோ ஒரு கணம் அடங்கி நிற்கவைக்கும் நிமிர்வு. இதில் மூன்று கூறுகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, தலை தாழாமை. இரண்டு, அவசரமின்மை. மூன்று, கனம், தள்ளினால் அசையாது என்ற எண்ணம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சொல் ஒட்டாது. விழுந்தடித்து ஓடும் யானையைக் கம்பீரம் என்று யாரும் சொல்வதில்லை. அதே யானை வீதியில் அடி மேல் அடி வைத்து வரும்போது சொல்கிறோம்.

பெரிதாக இருக்க வேண்டும் என்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குப்பைமேட்டின் மேல் ஏறி நின்று கழுத்தை நீட்டும் சேவல் கம்பீரமானதுதான். ஊருக்கு வெளியே பத்து ஏக்கரில் பரந்து கிடக்கும் சரக்குக் கிடங்கு எவ்வளவு பெரிதானாலும் கம்பீரமானது ஆகாது.

அப்படியானால் ‘பிரம்மாண்டமான’ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பிரம்மாண்டம் அளவைப் பற்றிய சொல். கம்பீரம் நிற்கும் விதத்தைப் பற்றிய சொல். குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால் தீர்ந்துவிடும்.

பிரம்மம், அண்டம் என்ற இரண்டும் சேர்ந்தது பிரம்மாண்டம். அண்டம் என்றால் முட்டை. பிரமனின் முட்டை, அதாவது உலகம் முழுவதையும் உள்ளடக்கிய முட்டை என்ற புராணக் கருத்திலிருந்து வந்த சொல். ஆகவே கண்ணுக்குள் அடங்காத எதையும் பிரம்மாண்டம் எனலாம்: அணைக்கட்டு, கூட்டம், மாநாட்டுப் பந்தல், படத்தின் செட், கடல் அலை. பரப்பு, நீளம், எண்ணிக்கை மூன்றுக்கும் பொருந்தும். ‘பிரமாண்டம்’, ‘பிரம்மாண்டம்’ இரண்டு எழுத்துமுறையும் புழக்கத்தில் உள்ளன. இரண்டில் எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும்.

இராமேசுவரம் கோவிலின் வெளிப் பிராகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூண் வரிசை முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அது பிரம்மாண்டம். கன்னியாகுமரியில் கடல் பாறை மேல் நிற்கும் வள்ளுவர் சிலை 133 அடி. பீடம் 38, சிலை 95. உயரத்தைச் சொல்ல வந்தால் பிரம்மாண்டம். சுற்றிலும் அலை அடிக்க அது அசையாமல் நிற்பதைச் சொல்ல வந்தால் கம்பீரம். ஒரே பொருளுக்கு இரண்டும் பொருந்தும் இடங்கள் உண்டு; நீங்கள் எதைக் காட்ட வருகிறீர்கள் என்பதுதான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது.

சோதிக்க ஒரு வழி: வாக்கியத்தில் ‘கம்பீரமான’ இருக்கும் இடத்தில் ‘மிகப் பெரிய’ என்று போட்டுப் படியுங்கள். பொருள் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அங்கே கம்பீரம் தேவையில்லை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வடமொழியின் ‘கம்பீர’ (முதல் எழுத்து ‘கங்கை’யில் வருவது போன்ற மெல்லொலி) என்பதிலிருந்து. அங்கே அதன் முதற்பொருள் ஆழம். ஆழமான நீர், ஆழமான ஓசை, ஆழம் காண முடியாத மனம். ஆழமான மனம் உடையவர் சட்டென்று கலங்கமாட்டார். கலங்காதவர் நிமிர்ந்து நிற்பார். உள்ளே கிடந்த ஆழம் இப்படித்தான் தமிழில் வெளியே தெரியும் நிமிர்வாக மாறியிருக்கிறது. கீழ்நோக்கிய சொல் மேல்நோக்கித் திரும்பிக்கொண்டது.

சோழர் காலத்தில் இது அரசர் பட்டப்பெயராகவே வழங்கியது. இரண்டாம் இராசராசனின் பட்டங்களில் ஒன்று இராசகம்பீரன். 12ஆம் நூற்றாண்டில் அவன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோவிலில், குதிரைகள் இழுக்கும் தேர் போலச் சக்கரங்களோடு செதுக்கப்பட்ட முன்மண்டபத்துக்கு ‘இராசகம்பீரன் திருமண்டபம்’ என்று பெயர். மானாமதுரைக்குப் பக்கத்தில் இராஜகம்பீரம் என்று ஓர் ஊரே இருக்கிறது.

‘கெம்பீரம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழையா?

பிழை என்று அடித்துவிட முடியாது. தமிழ்ப் பேச்சில் ஒரு பழக்கம் உண்டு: சொல்லின் முதலில் மெல்லொலியோ ர, ல போன்ற எழுத்துகளோ வந்து, அதைத் தொடர்ந்து அகரம் இருந்தால் அந்த அகரம் எகரமாக நழுவும். கங்கை கெங்கை ஆவதும், சனம் ஜெனம் ஆவதும், பலன் பெலன் ஆவதும், இரத்தம் ரெத்தம் ஆவதும் இதே வழியில்தான். கம்பீரமும் அப்படியே கெம்பீரம் ஆயிற்று.

கிறித்தவர்களின் பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த வடிவம் நிலைத்திருக்கிறது. ‘கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்’ என்பது 126ஆம் சங்கீதம். அங்கே பொருளும் வேறு: மகிழ்ச்சியில் வாய்விட்டு ஆர்ப்பரித்தல். அந்தப் பொருளில் ‘கெம்பீரித்தல்’ என்று வினையாகவும் வரும். தேவாலயப் பாடலில் ‘கெம்பீரமாய்ப் பாடுவோம்’ என்று கேட்டால் விறைப்பாக நின்று பாடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனந்தமாக உரத்துப் பாடச் சொல்கிறார்கள்.

பொதுக் கட்டுரையில் கம்பீரம் என்றே எழுதுங்கள். வேதாகம வரியை மேற்கோள் காட்டும்போது கெம்பீரத்தைத் ‘திருத்தாதீர்கள்’.

முதல் எழுத்தை எப்படி உச்சரிப்பது?

‘கம்பம்’ என்பதில் வரும் வல்லொலி அல்ல. ‘கங்கை’, ‘கவனம்’ என்று பலரும் சொல்லும்போது வரும் மெல்லொலி. இரண்டாவது எழுத்தில் குழப்பமே இல்லை: ம் என்னும் மெல்லெழுத்துக்குப் பின் வரும் ப தமிழில் தானாகவே மெலியும் (அம்பு, தம்பி). பீ நெடில். ‘கம்பிரம்’ என்று குறிலாக எழுதுவதும், ரகரத்தை றகரமாக்கி ‘கம்பீறம்’ என்று எழுதுவதும் பிழை.

‘கம்பீரமாக காட்சியளிக்கிறது’ – இதில் ஒற்று வேண்டுமா?

வேண்டும். ‘கம்பீரமாகக் காட்சியளிக்கிறது’ என்பதே சரி. இந்தச் சொல்லில் நிகழும் பிழைகளில் மிக அதிகமானது இதுதான். அதோடு எதிர்த்திசைப் பிழையும் சேர்ந்துகொள்கிறது. வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, வேண்டாத இடத்தில் போடுகிறோம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

‘கம்பீரமான’ என்பது ‘ஆன’ என்னும் பெயரெச்சத்தில் முடிகிறது. ‘வந்த பையன்’ என்பதில் ஒற்று மிகாதது போலவே இங்கும் மிகாது: கம்பீரமான குரல், கம்பீரமான தோற்றம், கம்பீரமான சிலை, கம்பீரமான பேச்சு. ‘கம்பீரமானக் குரல்’ என்று எழுதுவது பிழை.

‘கம்பீரமாக’ என்பதற்குப் பின் க, ச, த, ப வந்தால் மிகும்: கம்பீரமாகக் கர்ஜித்தது, கம்பீரமாகச் சொன்னார், கம்பீரமாகத் தெரிந்தது, கம்பீரமாகப் பேசினார். மற்ற எழுத்துகள் வந்தால் எதுவும் இல்லை: கம்பீரமாக நின்றது, கம்பீரமாக எழுந்தது. ‘கம்பீரமாய்’ என்று எழுதினாலும் இதே கதை: கம்பீரமாய்ப் பேசினார், கம்பீரமாய் நடந்தார்.

‘ஆன’வை விட்டுவிட்டுப் பெயரோடு நேராகச் சேர்க்கும்போது மகர ஈறு கெடும், வல்லினம் வந்தால் அந்த இடத்தில் ஒற்று வரும். கம்பீரம் + தோற்றம் = கம்பீரத் தோற்றம். கம்பீரம் + குரல் = கம்பீரக் குரல். கம்பீரம் + நடை = கம்பீர நடை; இங்கே வல்லினம் இல்லாததால் ம் போவதோடு சரி.

‘கம்பீரமிக்க கோபுரம்’, ‘கம்பீரமிகு கோபுரம்’ இரண்டிலும் மிகாது. முன்னது பெயரெச்சம், பின்னது வினைத்தொகை. எதிர்மறையில் ஒரு நுணுக்கம்: ‘கம்பீரமில்லாத தோற்றம்’ என்றால் மிகாது; கடைசித் தகரத்தை விட்டு ‘கம்பீரமில்லாத் தோற்றம்’ என்றால், அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், மிகும்.

வேற்றுமை உருபு சேரும்போது ‘அத்து’ச் சாரியை வரும்: கம்பீரத்தை, கம்பீரத்தால், கம்பீரத்தோடு, கம்பீரத்தின்.

‘அந்தக் கம்பீரம்’ என்று ஒற்றுப் போட்டால் வாசிக்கும்போது முதல் எழுத்து வல்லொலியாகி விடுகிறதே?

நியாயமான தயக்கம். எழுத்து வடிவில் விதி க் கேட்கிறது, காது கேட்கவில்லை. அச்சில் விதிப்படி போடுங்கள். அறிவிப்பு, ஒலிநூல், நாடக வசனம் போன்றவற்றில் வாசிப்பவர் அந்த ஒற்றைத் தட்டி உச்சரிக்காமல் ‘அந்த’ என்பதோடு ஒரு நூலிழை நிறுத்திவிட்டு கம்பீரத்தை மெல்லொலியில் தொடங்கினால் இயல்பாக இருக்கும்.

வாக்கியத்தில் எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

எதைச் சிறப்பிக்கிறதோ அதற்கு ஒட்டியே. ‘கம்பீரமான யானையின் நடை’ என்றால் கம்பீரம் யானைக்கா, நடைக்கா என்று வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். நடைக்கு என்றால் ‘யானையின் கம்பீரமான நடை’. இதே தவறு நீண்ட வாக்கியத்தில் இன்னும் மோசமாகும்: ‘கம்பீரமான மலையடிவாரத்தில் உள்ள கோவிலின் கோபுரம்’ என்பதில் அடிவாரம் கம்பீரமாகிவிடுகிறது. அடிவாரம் எப்படிக் கம்பீரமாக இருக்கும்?

பயனிலையாக வரும்போது இரு வழிகள் உண்டு. ‘அவர் குரல் கம்பீரமானது’ என்றால் அது அதன் நிலையான இயல்பு. ‘அவர் குரல் இன்று கம்பீரமாக இருந்தது’ என்றால் அந்த நேரத்து நிலை. ‘இன்று அவர் குரல் கம்பீரமானது’ என்று எழுதினால் இதுவரை இல்லாதது இன்று புதிதாக வந்தது போல ஆகிவிடும்.

கல்யாணம், திருவிழா, விருந்து ஆகியவற்றுக்குக் ‘கம்பீரமான’ பொருந்துமா?

பொருந்தாது. நிகழ்ச்சிகளுக்குத் தமிழில் தனிச் சொற்கள் இருக்கின்றன.

‘விமரிசையாக’ – குறைவில்லாமல், செலவு பார்க்காமல், முறை தவறாமல் நடத்துவது. ‘வெகு விமரிசையாக’ என்று சேர்ந்தே வருவது வழக்கம். இதை ‘விமர்சையாக’ என்று எழுதுகிறவர்கள் பலர். விமர்சனத்தோடு கலந்துபோன பிழை. நிகழ்ச்சிக்கு மட்டுமே வரும். ‘விமரிசையான கட்டடம்’ கிடையாது.

‘கோலாகலமாக’ – வடமொழியில் கூச்சல், ஆரவாரம் என்று பொருள். தமிழில் கூச்சலின் எரிச்சல் போய் மகிழ்ச்சி மட்டும் தங்கியது. மேளம், கூட்டம், வெடி இருந்தால்தான் கோலாகலம். பத்துப் பேரோடு அமைதியாக நடந்த பதிவுத் திருமணம் கோலாகலமாக நடக்க முடியாது.

பேச்சில் ‘கிராண்டா பண்ணாங்க’ என்பது இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

திருவிழாவின் உள்ளே மட்டும் கம்பீரத்துக்கு இடம் உண்டு. விழா கோலாகலமாக நடக்கும். அதன் நடுவே தேர் கம்பீரமாக அசைந்து வரும்.

ஆடம்பரம், படாடோபம் இவையும் இந்த வீட்டுச் சொற்கள்தானா?

பக்கத்து வீடு. இரண்டிலும் பழிப்பு கலந்திருக்கிறது. வடமொழியில் ஆடம்பரம் என்பது ஒரு வகை முரசையும் அதன் பேரொலியையும் குறித்தது. ஒலி பெருத்துப் பகட்டானது. படாடோபம் பாம்பு படம் விரிப்பதிலிருந்து வந்தது. உள்ளே விஷம் இருக்கிறதோ இல்லையோ, விரித்த படமே மிரட்டும். அந்த வெற்று மிரட்டல் இன்றைய பொருளிலும் அப்படியே இருக்கிறது. ஒருவரைப் பாராட்டும் கட்டுரையில் ‘படாடோபமாக விழா எடுத்தார்’ என்று எழுதிவிட்டால் அவர் நன்றி சொல்லமாட்டார்.

கம்பீரம் காட்டிக்கொள்வதில்லை. ஆடம்பரம் காட்டிக்கொள்வதற்காகவே இருக்கிறது.

மிடுக்கு, எடுப்பு, தோரணை, கெத்து?

மிடுக்கு: உடல் விறைப்பும் சுறுசுறுப்பும். காவலர் அணிவகுப்பு, இஸ்திரி போட்ட சீருடை, இளமை. எழுபது வயதுப் பெரியவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தாலும் கம்பீரமாக இருக்கலாம்; மிடுக்காக இருப்பது கடினம்.

எடுப்பு: கண்ணில் முதலில் படுவது. எடுப்பான மூக்கு, எடுப்பான நிறம். கனம் தேவையில்லை.

தோரணை: இது நடுநிலைச் சொல். நல்ல தோரணையும் உண்டு, ‘என்ன தோரணை பார்’ என்ற குத்தலும் உண்டு.

கெத்து: பேச்சுவழக்கு. பிறர் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தே காட்டுவது. யாரும் இல்லாத காட்டில் புலி கம்பீரமாக நடக்கும். கெத்து காட்டப் பார்வையாளர் வேண்டும்.

பெண்களைக் ‘கம்பீரமான’ என்று சொல்லலாமா?

தாராளமாக. மீசையோடும் சிங்கத்தோடும் சேர்ந்தே வந்து பழகியதால் ஆண்பாற்சொல் போலத் தோன்றுகிறது. இலக்கணத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை. ஆனால் ‘பெண்ணாக இருந்தும் கம்பீரமாக’ என்று எழுதாதீர்கள். அந்த ‘இருந்தும்’ பாராட்டைக் கெடுத்துவிடும்.

குரலைச் சொல்லும்போது கம்பீரமும் கணீரும் ஒன்றா?

இல்லை. கணீர் என்பது மணி ஒலிப்பது போன்ற தெளிவு. உச்ச ஸ்தாயியில்தான் அது பளிச்சிடும். கம்பீரம் அடியில் இருந்து வரும் கனம். சொல்லின் மூலப் பொருளான ஆழம் தமிழில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே இடம் குரல்தான் என்று சொல்லலாம். சிவாஜி கணேசனைச் ‘சிம்மக் குரலோன்’ என்றது இந்தக் கம்பீரத்தை வைத்து. கே.பி. சுந்தராம்பாள் போன்ற சிலரிடம் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடும். அப்போது ‘கணீரென்ற கம்பீரக் குரல்’ என்று இரண்டையும் எழுதுவது மிகையாகாது.

குரல் உரத்திருப்பது மட்டும் கம்பீரம் அல்ல. ஒலிபெருக்கியில் கத்துவது உரப்பு.

கம்பீரநாட்டை ராகத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா?

பெயரில் மட்டுமல்ல, பயன்படும் இடத்திலும் உண்டு. கம்பீரநாட்டை ஐந்து சுரங்கள் மட்டுமே கொண்ட ராகம்: சட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், காகலி நிஷாதம். 36ஆவது மேளமான (அதாவது தாய் ராகமான) சலநாட்டையில் பிறந்தது. ரிஷபமும் தைவதமும் இல்லாததால் சுரங்களுக்கு நடுவே பெரிய இடைவெளிகள் விழுகின்றன. ராகம் படி ஏறாமல் தாவி ஏறுகிறது. குழைவுக்கு இடம் குறைவு, நிமிர்வுக்கு இடம் அதிகம்.

கோவிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்திலும் தவிலிலும் வாசிக்கும் மல்லாரி வழக்கமாக இந்த ராகத்தில்தான் அமையும். பாடல் வரிகள் கிடையாது, சொற்கட்டு மட்டும். தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஏற்ப வகைகள் உண்டு. ‘கம்பீரம்’ என்ற சொல்லின் பொருளை அகராதி இல்லாமல் விளக்க வேண்டும் என்றால், வாகனம் வாசலைத் தாண்டும் நேரத்தில் ஒலிக்கும் மல்லாரியைக் கேட்கச் சொல்லிவிடலாம்.

கட்டடங்களில் எது கம்பீரம், எது இல்லை என்று எப்படித் தீர்மானிப்பது?

கோட்டைப் பாருங்கள். நேர்கோடாக மேலே போகிறதா, வளைகிறதா, பரவுகிறதா?

இதற்குத் தஞ்சாவூரும் கங்கைகொண்ட சோழபுரமும் நல்ல பாடம். தஞ்சைப் பெரிய கோவில் இராசராசன் எடுப்பித்து 1010இல் நிறைவு பெற்றது. விமானம் ஏறக்குறைய 216 அடி. தளங்கள் அடுக்கடுக்காகக் குறுகி, விளிம்பு நேர்கோடாகவே உச்சிக்குப் போகிறது. அவன் மகன் இராசேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்தில் உயரம் குறைவு. விளிம்பு மேலே போகப் போக உட்பக்கமாக வளைகிறது. தந்தை கோவிலைக் கம்பீரம் என்றும், மகன் கோவிலை நளினம் என்றும் ஒப்பிட்டுச் சொல்வது கலை வரலாற்றில் வழக்கமாகிவிட்டது. நளினம் ஒரு படி கீழானது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டாவதையும் வழிகாட்டிப் பலகையில் ‘கம்பீரமான’ என்றே எழுதிவிட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காணாமல் போகிறது, அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலைகளோடு 236 அடி, 1987இல்தான் நிறைவடைந்தது. தெருமுனையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கம்பீரம். ஏழு பிராகாரங்களும் அவற்றுக்குள் வீதிகளும் வீடுகளுமாக விரியும் கோவில் முழுவதையும் சொல்வதென்றால் பிரம்மாண்டம். கோபுரத்துக்கு ஒரு சொல், வளாகத்துக்கு ஒரு சொல்.

தூய தமிழில் இதற்கு என்ன சொல்?

ஒரே சொல்லாக எல்லா இடத்துக்கும் மாற்று கிடையாது. இடத்துக்கு இடம் மாறும். தனித்தமிழில் எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது ஒரே மாற்றை எங்கும் போடுவதால்தான்.

நடைக்குப் ‘பீடு’. திருக்குறளின் 59ஆம் குறளில் ‘ஏறுபோல் பீடு நடை’ வருகிறது. தன்னை இகழ்வார் முன்னும் காளை போலத் தலை நிமிர்ந்து நடக்கும் நடை. கம்பீர நடை என்று நாம் இன்று சொல்வதற்கு அச்சு அசலான பழந்தமிழ்ச் சொல் இது.

பேச்சு, எழுச்சி, செயல் ஆகியவற்றுக்கு ‘வீறு’: வீறார்ந்த உரை, வீறுநடை. கட்டடத்துக்கும் மலைக்கும் ‘ஓங்கி நிற்கும்’, ‘வானளாவிய’. பதவிக்கும் பண்புக்கும் ‘மாண்பு’, ‘மாட்சி’.

‘பெருமிதம்’ விஷயத்தில் கவனம் தேவை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் பெருமிதமும் ஒன்று. கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. அந்தப் பொருளில் கம்பீரத்துக்கு மிக நெருக்கம். ஆனால் இன்று ‘பெருமிதம் கொள்கிறேன்’ என்று மேடைக்கு மேடை சொல்லி, மனத்துக்குள் எழும் உணர்ச்சி என்ற பொருளே மிஞ்சிவிட்டது. ‘பெருமிதத் தோற்றம்’ என்று எழுதினால் இன்றைய வாசகர் ஏதோ பரிசு வாங்கியவர் முகத்தைத்தான் நினைப்பார்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது எதற்கு எது?

‘மெஜஸ்டிக்’ என்பதற்குக் கம்பீரமான பெரும்பாலும் சரி. ‘கிராண்ட்’ நிகழ்ச்சிக்கு வந்தால் விமரிசையான, கட்டடத்துக்கு வந்தால் பிரம்மாண்டமான. ‘மேக்னிஃபிசென்ட்’ என்பது அழகும் செழிப்பும் சேர்ந்தது. இடம் பார்த்து எழில்மிகு, அற்புதமான, வியக்கத்தக்க. வெற்றி, சாதனை, தியாகம் போன்ற கண்ணால் காண முடியாதவற்றுக்கு ‘மகத்தான’. ‘இம்போசிங்’ என்பதில் கொஞ்சம் மிரட்டலும் உண்டு. ‘மலைக்க வைக்கும்’ என்றால் பிடிபடும்.

அரச குடும்பத்தைக் குறிக்கும் ‘மெஜஸ்டி’ வேறு. அங்கே ‘மாட்சிமை தங்கிய’ என்பதே மரபு. மலேசியத் தமிழ்ச் செய்திகளில் ‘மாட்சிமை தங்கிய மாமன்னர்’ என்று வழங்குகிறது. ‘கம்பீரத்துக்குரிய மன்னர்’ என்று யாரும் சொல்வதில்லை.

மற்ற இந்திய மொழிகளில் இதே சொல் இதே பொருளில் வருமா?

வராது; சில இடங்களில் ஆபத்தாகவே முடியும். இந்தியில் ‘கம்பீர்’ என்றால் தீவிரமான, கவலைக்குரிய. மருத்துவமனையில் ஒருவர் நிலை ‘கம்பீர்’ என்று இந்திச் செய்தி சொன்னால், தமிழில் ‘கவலைக்கிடம்’. கன்னடத்திலும் தெலுங்கிலும் விளையாட்டுத்தனம் இல்லாத, அழுத்தமான என்ற பொருள் முன்னால் நிற்கிறது. மலையாளத்தில் நேர்மாறு: ‘கம்பீரம்’ என்றால் பிரமாதம், அசத்தல். அங்கே விருந்து கம்பீரமாக இருக்கலாம். தமிழில் விருந்து பிரமாதமாகத்தான் இருக்க முடியும்.

சொல் தேய்ந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் எழுதாமலே விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். காரணத்தோடு எழுதுங்கள். இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

‘மதுரையில் கம்பீரமாகக் காட்சியளிக்கும் திருமலை நாயக்கர் மகால், கம்பீரமான தூண்களுடன் பார்ப்போரைக் கவர்கிறது.’

இதைப் படித்தவருக்கு மகாலைப் பற்றி எதுவும் தெரியாது. இதில் செய்ய வேண்டியவை: முதலில் இரண்டு கம்பீரத்தில் ஒன்றை வெட்டுங்கள். ‘காட்சியளிக்கும்’, ‘பார்ப்போரைக் கவர்கிறது’ இரண்டையும் சேர்த்தே வெட்டலாம். கண்ணில் படும் எல்லாப் பொருளும் காட்சியளிக்கத்தான் செய்கிறது. பிறகு கம்பீரம் எதனால் வந்தது என்று கேளுங்கள். தூணின் பருமனாலா, வரிசையாலா, வெளியாலா? பதிலை எழுதுங்கள்:

‘1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் நின்றால், நான்கு புறமும் தூண்கள் சூழ்ந்திருக்கும். ஒன்றைக் கட்டிப்பிடிக்க ஓர் ஆளின் கை போதாது. இவ்வளவு கனத்தைத் தாங்கிக்கொண்டும் அலட்டிக்கொள்ளாத கம்பீரம்.’

சொல் ஒரு முறைதான் வருகிறது. முன்னால் வந்த விவரம் அதற்குக் கால் கொடுக்கிறது. விவரமே இல்லாத இடத்தில் சொல்லை மட்டும் நிறுத்தினால் அது நிற்காது. ஒரு கட்டுரையில் எத்தனை முறை வரலாம் என்று கேட்டால், ஆயிரம் சொற்களுக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. தலைப்பில் போட்டுவிட்டால் உள்ளே வேண்டாம்.

கிண்டலாகப் பயன்படுத்தலாமா?

அருமையாக வரும். நிமிர்வும் கனமும் சற்றும் இல்லாத ஒன்றோடு சேர்த்தால் போதும்: நடுத்தெருவில் படுத்துக்கொண்டு பேருந்துக்கு வழிவிடாத எருமை, ஆறு மாதமாகத் திறப்பு விழாவுக்குக் காத்து நிற்கும் பூட்டிய கழிப்பறை. ‘கம்பீரமாக’ என்று ஒரே ஒரு முறை, ஆச்சரியக்குறி போடாமல் எழுதுங்கள். ஆச்சரியக்குறி போட்டால் கிண்டல் செத்துவிடும்.

எதிர்ச்சொல் என்ன?

அகராதி ஜோடி எதுவும் இல்லை. ‘கம்பீரம் குலைந்தது’, ‘கம்பீரம் இழந்த’, ‘களையிழந்த’ என்று சூழலுக்கு ஏற்ப. உடலுக்குக் ‘கூனிக் குறுகி’ என்பது நேர் எதிராக அமையும்.

‘மிகவும் கம்பீரமான’ என்று எழுதலாமா?

இலக்கணம் தடுக்காது. ஆனால் நிமிர்ந்து நிற்பதை இன்னும் நிமிர்த்த முயன்றால் பின்னால்தான் சாயும்.